கொல்லிப்பாவையின் சிரிப்பு

ஒரு பாவை இருந்தாளாம். கல்லிலே வடித்த கட்டழகியாம். பகைவன் மலையேறி வருவான், அவளைக் காண்பான், கண்டதும் மயங்குவான், மயங்கி நெருங்குவான். அவள் நகைப்பாளாம். அந்த நகைப்பிலே அவன் உயிர் பிரியுமாம்!

கொல்லிமலையிலே இன்றும் சொல்லப்படும் கதை இது. சங்கப் புலவர்கள் தலைவியின் எழிலுக்கு உவமை தேடியபோது இந்தப் பாவையை நாடினர். எது வந்து மோதினும் உருக்குலையாதவள் என்று வியந்தனர். பின்வந்தவர்கள் வியப்போடு விடவில்லை. கோயில் கண்டனர், கும்பிட்டு நின்றனர்.

கல் சிரிக்குமா? சிரிப்புக்குச் சாவு நேருமா? காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஆசிரியப் பணி ஏற்க இம்மலைக்கு வந்த நாளில் நாமும் இப்படித்தான் கேட்டோம். கேட்டுவிட்டுக் கதையை ஒதுக்கினோம். இன்று அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியவில்லை. ஏனெனில் அந்தப் பாவையை நாம் பார்த்துவிட்டோம்! கைபேசித் திரையிலே பார்த்தோம். முகக்களிம்புக் குப்பியின் மேலே பார்த்தோம். சந்தைக்கடைச் சுவரொட்டியிலே பார்த்தோம். அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பிலே நம் மாணவச் செல்வங்களின் மானம் மடிகிறது.

யார் அந்த மாணவர்? 14 நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் இம்மலையின் மக்கள், மலையாளி என்று பெயர் கொண்ட பழங்குடியினரின் பிள்ளைகள். பொழுது புலருமுன் எழுபவர்கள். சரிவிலே இறங்கித் தண்ணீர் கொணர்பவர்கள். மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறுபவர்கள். விடுமுறை நாளில் வாழைத்தாரும் அன்னாசியும் சுமந்து தாய்தந்தையரோடு சோளக்காட்டுச் சந்தைக்கு வருபவர்கள். ஏற்றமும் இறக்கமுமான பாதையிலே நடந்து பள்ளிக்கு வந்து, மாலையிலே அதே பாதையிலே திரும்புபவர்கள்.

உலக நல்வாழ்வு நிறுவனம் ஒரு கணக்குச் சொல்லுகிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடலை வருத்தி இயங்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. 2016ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினர். அறிஞர்கள் மேலும் சொல்லுகிறார்கள்: ஓடி ஆடும் பிள்ளைக்குத் தன் உடல்மீது நிறைவு பிறக்கிறது, தன்மீது நம்பிக்கை வளர்கிறது என்று.

நல்லது. அப்படியானால் கொல்லிமலைப் பிள்ளையல்லவா தன்னம்பிக்கையிலே தலைசிறந்து நிற்க வேண்டும்? அறுபது நிமிடமா, அதற்கு மேலும் உழைக்கும் உடலல்லவா அது! ஆனால் வகுப்பிலே நாம் காண்பதென்ன? நிழற்படம் எடுக்கும்போது பின்வரிசையிலே பதுங்கும் பெண். கை மெலிந்திருப்பதை மறைக்க முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பையன். உடல் தடித்திருப்பதால் ஊர் சிரிக்குமென்று கபடிக் கோட்டருகே வராத இன்னொருவன். உழைப்பு இருக்கிறது, உடல்மீது பெருமிதம் இல்லை. இயக்கம் இருக்கிறது, ஏற்றம் இல்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. நம் விரலே விடை சொல்லிற்று.

சென்ற ஆண்டு. பள்ளி ஆண்டு விழா. விருந்தினரை வரவேற்கப் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் ஏந்தி நிற்க ஐந்து மாணவியர் வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. வகுப்பிலே நுழைந்தோம். பார்த்தோம். "நீ வா, நீ வா" என்று விரல் நீட்டினோம். ஐவர் வந்து நின்றனர். ஆறாவதாக ஒரு பெண் தானாகவே எழுந்து வந்தாள். பள்ளி விளையாட்டு விழாவில் 800 மீட்டர் ஓட்டத்திலே எல்லோரையும் பின்னே விட்டு முதலாவதாக வந்தவள். அன்று முகமெங்கும் பவுடர் அப்பியிருந்தாள்.

"சார், நானும் நிக்கட்டுமா?"

"நீ நாற்காலி போடுற பக்கம் போம்மா. நீதான் நல்லாத் தூக்குவே" என்றோம் நாம். புகழ்ந்ததாகவே எண்ணிக்கொண்டோம்!

அடுத்த வாரம் ஓட்டப் பயிற்சிக்கு அவள் வரவில்லை. அழைத்துக் கேட்டோம். தலை நிமிரவில்லை. "வெயில்ல ஓடுனா இன்னும் கறுத்துப் போயிருவேன் சார். நான் வரல்ல" என்றாள்.

நாம் நீட்டிய விரல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது தேர்ந்தெடுத்த ஐவரையும் மனக்கண் முன் நிறுத்திப் பார்த்தோம். ஐவரும் வகுப்பிலே சற்று வெளுத்த நிறத்தினர்! மேடையேறிச் சாதி ஒழிக என்று முழங்கியவர் நாம். ஏடு எடுத்துப் பகுத்தறிவு பயில்பவர் நாம். வாயிலே பகுத்தறிவு, விரலிலே வருணம்! வருணம் என்ற சொல்லுக்கே நிறம் என்றுதானே பொருள்!

தோழர்களே! இது ஓர் ஆசிரியரின் தவறு என்று மட்டும் தள்ளிவிட வேண்டா. இந்த விரலுக்குப் பின்னே நெடுங்காலத்துக் கை ஒன்று இருக்கிறது.

இருக்கு வேதத்துப் புருட சூக்தம் மனிதரை எப்படி வகுத்தது? முகத்தில் ஒருவன், தோளில் ஒருவன், தொடையில் ஒருவன், காலில் ஒருவன் என்று. மனித குலத்தைப் பிரிப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோலே உடல்தான்! முகம் உயர்ந்தது, கால் இழிந்தது. காட்டி நிற்பது உயர்ந்தது. தாங்கி நிற்பது தாழ்ந்தது. நூற்றாண்டுகள் பல கடந்தன. சட்டம் மாறிற்று, ஆட்சி மாறிற்று, சாலை மலையேறிற்று. ஆனாலும் நம் பள்ளியிலே 800 மீட்டர் ஓடிய கால்கள் நாற்காலி சுமக்கப் போயின. வெளுத்த முகங்கள் வாயிலிலே நின்றன. சூக்தத்தைப் படிக்காமலே நாம் அதை நடத்திக் காட்டினோம்!

இப்போது விளங்குகிறது, மலைப்பிள்ளையின் உழைப்பு ஏன் அவனுக்குப் பெருமிதம் தரவில்லை என்பது. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் பாடம் சொன்ன இடங்கள் பண்டைய ஏதென்ஸ் நகரத்து உடற்பயிற்சித் திடல்களை ஒட்டியவையே. அறிவும் உடலும் அங்கே கைகோத்து வளர்ந்தன என்று வியக்கிறோம். வியப்புக்கு நடுவே ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தத் திடல்களிலே அடிமை பயிற்சி செய்யலாகாது என்று சட்டம் இருந்தது! அடிமை நாள் முழுதும் கல் சுமந்தான், படகு வலித்தான். அவன் தசை உழைக்கலாம். ஆனால் தன் உடலைத் தனக்காகப் பேணலாகாது. சுமைக்கு ஆள் வேண்டும். சுதந்திரத்துக்கு ஆள் வேண்டா!

அசைவு மட்டும் மனிதனை நிமிர்த்துவதில்லை. யாருக்காக அசைகிறோம், யார் மதிப்போடு அசைகிறோம் என்பதே நிமிர்த்துகிறது. ஒரே தோள்தான். அது பரிசுக்கோப்பையைத் தூக்கினால் ஊர் கைதட்டுகிறது. விறகைத் தூக்கினால் ஊர் முகம் திருப்புகிறது. தன் தோளை ஊர் எப்படிப் பார்க்கிறதோ அப்படியே பிள்ளையும் பார்க்கத் தொடங்குகிறான். தன்மதிப்பு என்பது தனியாக வானத்திலிருந்து குதிப்பதன்று. சமுதாயத்தின் மதிப்பு உள்ளத்திலே விழுந்து முளைப்பது. விதை நஞ்சானால் பயிர் என்னாகும்?

இதே மலையில் வில்லெடுத்த ஓரியை எண்ணிப் பாருங்கள். அவன் விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தது என்று வன்பரணர் புறநானூற்றிலே பாடினார். புலவரின் மிகையென்றே கொள்வோம். ஆயினும் எதைப் பாடினார்? கையின் திறத்தைப் பாடினார், கொடையைப் பாடினார். ஓரியின் நிறம் வெளுப்பா கறுப்பா என்று அந்தப் பாட்டு ஆராயவில்லை. ஆடித் திங்களில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. ஆனால் பாரதக் கதையிலே இன்னொரு வில்லாளி உண்டு, வேடர்குலத்து ஏகலைவன். அவன் கையின் திறத்தைக் கண்டவர்கள் என்ன செய்தார்கள்? கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார்கள்! இன்று கட்டைவிரலை வெட்ட வேண்டியதில்லை. "நீ கறுப்பு, நீ குட்டை, நீ பட்டிக்காடு" என்று சொன்னால் போதும். பிள்ளை தானாகவே ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. எவ்வளவு எளிய குருதட்சணை!

உடலைப் பற்றி நமக்கு இரண்டு பொய்கள் சொல்லப்பட்டன. முதற்பொய் துறவி சொன்னது: இந்த உடல் அழுக்கு, நிலையாதது, வெறுக்கத்தக்கது என்பது. இரண்டாம் பொய் வணிகன் சொல்லுவது: இந்த உடலே எல்லாம், ஆனால் இப்போதுள்ளபடி போதாது, எம் சரக்கை வாங்கினால் தேறும் என்பது. ஒருவன் உடலை வெறுக்கச் சொன்னான். மற்றவனும் வெறுக்கத்தான் சொல்லுகிறான், விலைச்சீட்டோடு! 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரோடு இந்நாட்டுச் சந்தைக்கு வந்த களிம்பு, நிறவெறிக்கு எதிராக உலகமே குரல் எழுப்பிய 2020இல்தான் பெயரிலிருந்து வெண்மையைக் கைவிட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகள்! இரண்டு தலைமுறைப் பெண்கள் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே கண்ணாடி முன் நின்றார்கள்.

மலையும் தீவும் ஒதுங்கிய இடங்கள். அங்கே இந்த மாயம் எட்டாது என்று எண்ணுவோரும் உண்டு. அவர்கள் பிஜித் தீவின் செய்தியைக் கேட்க வேண்டும். கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழரும் கொண்டு செல்லப்பட்ட நாடு அது. அத்தீவின் பூர்வகுடி மக்கள் திரண்ட உடலையே நல்ல உடலென்று போற்றி வந்தவர்கள். அங்கே நட்ரோகா என்னும் பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவ்வாண்டே பள்ளி மாணவியரிடம் ஆய்வு நடத்தினார். 1998இல் மீண்டும் நடத்தினார். உணவைக் கண்டு அஞ்சும் கோளாறான மனப்போக்கு மாணவியரில் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தது! இரு முறையும் அறுபத்துச் சொச்சம் மாணவியரிடம் நடந்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் மூன்றே ஆண்டுகளில், தலைமுறை தலைமுறையாகப் போற்றிய உடலை வெறுக்க ஒரு பெட்டி கற்றுக்கொடுத்துவிட்டதென்றால், இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பெட்டி இருக்கிறதே!

அழகின் அளவுகோல் இயற்கை தந்ததன்று என்பதற்கு நம் இலக்கியமே சான்று. சங்கத் தலைவியின் எழிலென்று புலவர் போற்றியது மாமை நிறம், மாந்தளிரின் நிறம். தலைவனைப் பிரிந்த துயரிலே அவள் மேனி வெளிறினால் அதற்குப் பசலை என்று பெயர். பசலை நோய் என்றே சொன்னார்கள்! அன்று வெளிறுவது நோய். இன்று வெளிறுவதற்குக் களிம்பு! மாறியது தோலா? தோலைப் பார்க்கும் கண்ணா?

இந்த இடத்திலே நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். "இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி? கறுப்பும் அழகுதான், நீயும் அழகிதான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது" என்றார். நல்ல உள்ளத்தோடு சொன்னார். ஆனால் தீராது. "நீயும் அழகி" என்று நாம் சொல்லும்போது என்ன செய்கிறோம்? அதே வழக்கு மன்றத்திலே, அதே நீதிபதியின் முன்னே, நம் பிள்ளைக்காக வாதாடி விடுதலை கேட்கிறோம். இன்று விடுதலை கிடைக்கலாம். நாளை முகத்திலே பரு முளைத்தால்? உடல் பெருத்தால்? முதுமை வந்தால்? மீண்டும் கூண்டிலே ஏற வேண்டும்! கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மன்றத்துக்கு என்னை விசாரிக்கும் உரிமையை யார் கொடுத்தது?

அழகை வெறுக்கச் சொல்லவில்லை நாம். அருவியை வியப்பவன் மனித முகத்தையும் வியப்பான், அது இயல்பு. ஆனால் வியப்பு வேறு, மதிப்பு வேறு. அழகு பார்ப்பவன் கண்ணுக்கு விருந்தாகலாம். அது ஒருவன் மனிதனாக நிமிர்ந்து நிற்பதற்கு அனுமதிச் சீட்டாகலாகாது. கொல்லிப்பாவையின் கொடுமை அவள் அழகாயிருப்பதன்று, அவள் மாறாதிருப்பது. கல்லுக்குப் பசியில்லை, வியர்வையில்லை, வளர்ச்சியில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கோ நாளுக்கொரு மாற்றம்: குரல் உடைகிறது, எலும்பு நீள்கிறது, மேனி திரள்கிறது. வளரும் உடலைக் கல்லோடு போட்டிக்கு நிறுத்தினால் தோற்பது எது? உயிருள்ளதுதான் தோற்கும்!

அதனால்தான் விளையாட்டுத் திடல் வேண்டுமென்கிறோம். உடலை மெலிவிக்கவோ முறுக்கேற்றவோ அன்று. உடல் பார்க்கப்படும் பொருள் என்ற நிலையிலிருந்து, செயல்படும் நான் என்ற நிலைக்கு அவர்களை அழைத்துவர. பந்தைத் துரத்தும் அந்தக் கணத்திலே எந்தப் பெண்ணும் தன் நிறத்தை நினைப்பதில்லை. நினைத்தால் பந்து போய்விடும்! அந்த மறதிதான் விடுதலை. சுமை தூக்கும்போது கிட்டாத விடுதலை ஆட்டத்திலே கிட்டுவது ஏன்? அங்கே அவள் கால் அவளுக்காக ஓடுகிறது.

இங்கும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். வெளுத்த முகத்தை இறக்கிவிட்டு அந்தப் பீடத்திலே புடைத்த தசையை ஏற்றினால், அதுவும் கல்லே. இன்று இளைஞர் பலர் உடற்பயிற்சிக் கூடத்திலே கண்ணாடிக்காகவே உழைக்கிறார்கள். நலம் கெடினும் கெடுக, படம் நன்றாக வரட்டும் என்று ஊசியும் தூளும் தேடுகிறார்கள். ஓட முடியாத பிள்ளை என்ன செய்வான்? அவனுக்கும் உடல் உண்டு, மானம் உண்டு. நம் பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிலே ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கிய சிறுவன் ஒருவன் இருந்தான். தாய் காய்கறி விற்றுக் காப்பாற்றினார். பள்ளியிலே உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவனுடைய காலின் குறையைப் பார்த்து இரங்கி ஒதுக்கவில்லை. தாண்டு என்று ஊக்கினார். அவர்தான் மாரியப்பன் தங்கவேலு. 2016இல் ரியோ மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸ் நகரில் வெண்கலம். பதக்கத்துக்காக அவரை இங்கே குறிப்பிடவில்லை. எல்லோரும் தாண்டிவிட முடியாது. உன் உடல் எப்படி இருக்கிறது என்று கேட்காமல், உன் உடலால் நீ என்ன செய்ய விரும்புகிறாய் என்று கேட்ட அந்த ஆசிரியருக்காகக் குறிப்பிடுகிறோம். நாம் கேட்கத் தவறிய கேள்வி அது!

1929இல் செங்கற்பட்டிலே முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னே தொங்கிய சாதிவாலை அறுக்கச் சொன்னது. பெண்கள் அலங்காரப் பொம்மைகளாக இருக்க வேண்டா. கூந்தலைக் கத்தரித்துக்கொள்ளட்டும், ஆண்களைப்போல் எளிய உடை உடுத்தட்டும் என்று பெரியார் சொன்னபோது நாடு நகைத்தது. முடியிலும் துணியிலும் என்ன புரட்சி என்று கேட்டது. இன்று புரிகிறது. சுயமரியாதை என்பது மேடையிலே தொடங்குவதன்று. தன் உடலைத் தன்னுடையதாக உணர்வதிலே தொடங்குவது. தன் நிறத்துக்காக வெட்கப்படுபவன் எந்த ஆதிக்கத்தை எதிர்த்து நிமிர்வான்? தன் தோலையே பகைவனாகக் கருதுபவள் எந்த உரிமையைக் கேட்டு எழுவாள்?

இவ்வாண்டு நம் வகுப்பிலே சில சிறு மாற்றங்கள் செய்தோம். வரவேற்புக்கு நிற்போரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கிறோம்; நாற்காலி அடுக்குவோரையும் அவ்வாறே. உடலைச் சுட்டும் பட்டப்பெயர் எதுவும் நம் வாயிலிருந்து வருவதில்லை; ஆசிரியர் வாயிலிருந்து வராதது மாணவர் வாயிலும் மெல்லக் குறைகிறது. விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுப்பதில்லை. பெண்களுக்கும் அதே வேளையில் அதே திடல். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, நாம் செய்த தவற்றை வகுப்பின் முன்னே சொன்னோம். சொல்லும்போது நா தடுமாறிற்று. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

அந்தப் பெண் இன்னும் ஓடவில்லை. வற்புறுத்த நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் சில நாட்களாக மாலையிலே திடலோரம் வந்து நிற்கிறாள். நிறுத்துகடிகாரத்தைக் கேட்டு வாங்கி, மற்றவர்கள் ஓடும் நேரத்தைக் குறித்துத் தருகிறாள். அவள் பார்வை ஓடுபவர்களின் முகத்திலே இல்லை, காலிலே இருக்கிறது. நேற்று முன்தினம், "கடைசி வளைவுல அவ மூச்சை விட்டுட்டா சார்" என்று ஒருத்தியைப் பற்றிக் குறை சொன்னாள். ஓடத் தெரிந்தவளின் குரல் அது!

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் ஒரு விரல் இருக்கும்: வீட்டிலே, பள்ளியிலே, பெண் பார்க்கும் கூடத்திலே, நண்பர்களின் கேலியிலே. அது உங்கள் விரலாகவும் இருக்கலாம். அதை முதலில் மடக்குங்கள். கொல்லிப்பாவை கல்தான், அவளுக்குத் தானாகச் சிரிக்கத் தெரியாது. இத்தனை காலமும் அவளுக்காகச் சிரித்தவர்கள் நாம்தாம். நாம் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள்.